ஒரிஜினல் பார்த்தவர்

2024 செப்டம்பர் 20 அன்று 'தலைவெட்டியான் பாளையம்' என்ற தமிழ்த் தொடர் அமேசான் பிரைமில் வந்தது. காலை டீ இடைவேளைக்குள் அலுவலகத்தில் ஒருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "ஒரிஜினல் மாதிரி வராதுங்க." பார்த்தாயிற்றா என்று கேட்டால், "அதான் டிரெய்லர்லயே தெரிஞ்சுடுச்சே." இவருக்குப் பெயர் தேவையில்லை. 'ஒரிஜினல் பார்த்தவர் யார்?' என்று கேட்டால், எந்த அலுவலகத்திலும் ஒரு கை தானாக உயரும்.

ஒரிஜினல் என்பது 'பஞ்சாயத்' என்ற இந்தித் தொடர். 2020 ஏப்ரல் 3 அன்று, ஊரடங்கு போட்டுப் பத்து நாள்கூட ஆகாத நேரத்தில் வெளியானது. நல்ல வேலை கிடைக்காத பட்டணத்துப் பையன் மாதம் 20,000 ரூபாய் சம்பளத்துக்கு உத்தரப் பிரதேசத்து பலியா மாவட்டத்தில், புலேரா என்ற கிராமத்துக்குப் பஞ்சாயத்துச் செயலாளராகப் போகிறான். ஆபீஸ் சாவி தொலைகிறது. அவன் ஆசையாக வாங்கிய சுழல் நாற்காலி ஒரு கல்யாண மாப்பிள்ளையின் கண்ணை உறுத்துகிறது. கம்ப்யூட்டர் மானிட்டர் களவு போகிறது. இவ்வளவுதான் கதை. ஆனாலும் வீட்டுக்குள் அடைபட்டிருந்த ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது.

நம்மவரும் சிரித்தார். இந்தி தெரியாது, கீழே ஓடிய ஆங்கில வரிகளைப் படித்துச் சிரித்தார். அதே மனிதர்தான், "அந்த ஊர்ப் பேச்சோட நெளிவு சுளிவு தமிழ்ல எங்கங்க வருது?" என்று இப்போது வருத்தப்படுகிறார். அந்த மண்வாசனையைப் பற்றியும் உருகுவார். புலேராவாகக் காட்டப்பட்டது மத்தியப் பிரதேசத்து சிஹோர் மாவட்டத்தில் உள்ள மகோடியா கிராமம் என்று யாராவது சொன்னால், "இருக்கட்டுமே, அதுவும் வடக்குதானே" என்பார்.

வராது வராது என்றவர், எட்டு எபிசோடையும் ஒரே ராத்திரியில் பார்த்து முடித்தார். ஒரு திரையில் அவருக்கு மட்டும் இரண்டு தொடர் ஓடும். தமிழில் நடிக்கும் சேத்தன் வாயைத் திறந்தால் இந்தியில் அதே வேடம் போட்ட ரகுவீர் யாதவ் வந்து நிற்பார். தேவதர்ஷினி முறைத்தால் நீனா குப்தா குறுக்கே வருவார். பக்கத்தில் அம்மாவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. "டேய், இது நம்ம 'விடாது கருப்பு' சேத்தன்டா. இவங்க ரெண்டு பேரும் நெஜத்துலயும் புருஷன் பொண்டாட்டி, தெரியுமில்ல?" என்கிறார். 'விடாது கருப்பு' இடம்பெற்ற 'மர்மதேசம்' எடுத்த அதே நாகாதான் இதற்கும் இயக்குநர். அம்மாவின் ஒரிஜினல் இவருடையதைவிட இருபது வருஷம் பழசு என்பது அவருக்கு உறைக்கவில்லை.

அவர் சொல்லும் குறைகளில் ஒன்று நியாயமானது. பல காட்சிகள் இந்தியிலிருந்து அப்படியே இறங்கியவை. தமிழில் கதை நடக்கும் திருநெல்வேலிச் சீமைக்கென்று இல்லாத வம்பா, வழக்கா? ஆனால் அந்த நியாயத்தில் அவரால் இரண்டு நிமிஷம் நிற்க முடியாது. எங்காவது மாற்றியிருந்தால், "எதுக்குங்க மாத்தினாங்க?" என்று அடுத்த வழக்கைத் தொடுப்பார்.

தொடரில் வருவதுபோல் பொண்டாட்டி பதவியில் இருக்க, புருஷன் ஊரை ஆள்வதெல்லாம் வடநாட்டுச் சமாச்சாரம், இங்கே ஒட்டாது என்பது இன்னொரு வாதம். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் 2016இலேயே பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கியாயிற்று. இவர் சொந்த ஊரில் கோயில் கொடைக்கு வரி கேட்டு வந்த வெள்ளை வேட்டியை எல்லோரும் 'பிரசிடெண்ட் வீட்டுக்காரர்' என்றுதான் கூப்பிட்டார்கள். தலைவர் யாரென்று இவருக்கு இன்றுவரை தெரியாது.

தொடரைவிட இவருக்கு வலிக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. நாலு வருஷமாக, "இன்னும் 'பஞ்சாயத்' பாக்கலையா நீங்க?" என்று புருவம் உயர்த்தும் சுகம் இவருக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது. இப்போது கீழ்வீட்டு மாமி மாடிப்படியில் நிறுத்தி, "தம்பி, 'தலைவெட்டியான் பாளையம்' பாத்தியோ? ரொம்ப நன்னாருக்கு" என்று இவருக்கே சிபாரிசு செய்கிறார். எப்படித் தாங்குவார்?

இத்தனைக்கும் இந்தியிலிருந்து வந்ததெல்லாம் இவருக்கு ஆகாது என்றும் சொல்ல முடியாது. 2013இல் சிவா நடித்த 'தில்லு முல்லு' வந்தபோது ரஜினியும் தேங்காய் சீனிவாசனும் செய்த ஒரிஜினலைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஒரு வாரம் பொருமினார். அந்த 1981 படமே, 1979இல் ரிஷிகேஷ் முகர்ஜி எடுத்த 'கோல்மால்' படத்தின் தமிழ் வடிவம்தான். அதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது வேற, இது வேறங்க" என்றார்.

2025 ஜனவரியில் 'பஞ்சாயத்' தெலுங்கிலும் வந்துவிட்டது, 'சிவரபள்ளி' என்ற பெயரில். தெலுங்கும் இவருக்குத் தெரியாது. அதையும் ஆங்கில வரிகளின் துணையோடு ஒரே மூச்சில் பார்த்துவிட்டு, மறுநாள் கண் சிவக்க அலுவலகம் வந்தார். எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை, அவராகவே ஆரம்பித்தார்.

"என்ன இருந்தாலும் நம்ம சேத்தன் மாதிரி வராதுங்க."