நாலு குழாய், நூறு சந்தேகம்

கேள்வி: என்னிடம் 2013 மாடல் சயான் எஃப்ஆர்-எஸ் இருக்கிறது. நல்ல ஹெடர் (எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) மாட்டினால் எத்தனை குதிரை கூடும்?
(வாசகர், ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா)

குதிரையை எண்ணுவதற்கு முன், அது எந்த நேரத்தில் ஓடவேண்டும் என்று முடிவு செய்யுங்கள். முதல் தலைமுறை டொயோட்டா 86, முதல் தலைமுறை சுபாரு பிஆர்இசட், உங்கள் சயான் மூன்றிலும் இருப்பது ஒரே எஞ்சின்தான்: சுபாருவின் எஃப்ஏ20. 1,998 சிசி, டர்போ கிடையாது. அதன் 200 குதிரைத்திறனும் கிடைப்பது 7,000 ஆர்பிஎம்மில். ஆபீஸ் போகிற வழியில் அந்த 7,000-ஐ எத்தனை முறை தொடுவீர்கள்? நீங்கள் அன்றாடம் புழங்குவது 2,500-க்கும் 5,000-க்கும் நடுவே. அங்கேதான் இந்த எஞ்சினுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. 3,500 வாக்கில் இழுவை தொய்ந்து, 4,500-ஐத் தாண்டிய பிறகுதான் நிமிரும். முந்துவதற்கு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுக் கிளம்பும்.

சரியான ஹெடரும் அதற்கேற்ற ஈசியூ (எஞ்சின் கணினி) ட்யூனும் சேர்ந்தால் அந்தப் பள்ளம் பெருமளவு நிரம்பும். உச்சத்தில் ஏறும் குதிரைகளை விட இதுதான் பெரிய லாபம் என்பேன், ஏனென்றால் கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இது கையில் கிடைக்கும். ஆகவே விற்பவரிடம் "எத்தனை எச்பி?" என்று கேட்காதீர்கள். "டைனோ கோட்டை முழுசாகக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்; டைனோ என்பது ஆர்பிஎம் வாரியாகப் பவரை அளந்து கோடாக வரையும் கருவி. ஒரே வண்டி, ஒரே டைனோ, ஒரே நாள், மாட்டுவதற்கு முன்னும் பின்னும். கோட்டின் நுனியை மட்டும் காட்டுகிறவரிடம் வாங்க வேண்டாம்.

கேள்வி: கம்பெனி கொடுத்ததும் குழாய்தான், கடையில் வாங்கும் ஹெடரும் குழாய்தான். அப்படி என்ன வித்தியாசம்?
(வாசகி, மெல்பர்ன்)

அருமையான கேள்வி. இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்ற கேள்விகளில் பாதி தானே உதிர்ந்துவிடும்.

எக்ஸாஸ்ட் வால்வு திறக்கிற கணத்தில் புகை மட்டும் வெளியே வருவதில்லை, ஓர் அழுத்த அலையும் கிளம்புகிறது. கொதிக்கும் வாயுவில் அது நொடிக்கு 500, 600 மீட்டர் வேகத்தில் ஓடும். நான்கு குழாய்களும் கூடும் இடத்துக்கு கலெக்டர் என்று பெயர். அங்கே குழாய் சட்டென்று அகலமாவதால் அலை தலைகீழாகிறது. அழுத்தமாகப் போனது உறிஞ்சலாகத் திரும்பி வருகிறது. அது வால்வுக்கு வந்து சேரும் நேரத்தில் எக்ஸாஸ்ட் வால்வு மூடப்போகிறது, இன்டேக் வால்வு திறக்கத் தொடங்குகிறது. இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் அந்த இம்மியளவு நேரத்தில் உறிஞ்சல் வந்தால், மிச்சமிருக்கும் எரிந்த வாயு வெளியே இழுக்கப்படும், அதன் பின்னாலேயே புதுக் காற்றும் சிலிண்டருக்குள் வரும். ஊஞ்சலைச் சரியான நொடியில் தள்ளுகிற மாதிரிதான். நேரம் தப்பினால் அதே கை ஊஞ்சலைத் தடுத்துவிடும்.

6,000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்ற எடுக்கும் நேரம் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு. அதற்குள் இவ்வளவும் நடந்து முடியவேண்டும். குழாயின் நீளம்தான் அலை எப்போது திரும்ப வரும் என்பதைத் தீர்மானிக்கிறது. நீளமான, ஒடுங்கிய குழாய் கீழ் ஆர்பிஎம்முக்கு உதவும். குட்டையான, அகன்ற குழாய் மேல் ஆர்பிஎம்முக்கு உதவும். எல்லா ஆர்பிஎம்மிலும் அள்ளித் தரும் குழாய் என்று ஒன்று இல்லை. இருப்பதாகச் சொல்லும் பெட்டியைக் கண்டால் பர்ஸைப் பத்திரமாக உள்ளே வையுங்கள்.

கேள்வி: "கொஞ்சம் அடைப்பு இருந்தால்தான் பிக்கப் வரும்" என்கிறார் எங்கள் மெக்கானிக் அண்ணன். உண்மையா?
(வாசகர், கோயம்புத்தூர்)

அண்ணன் கண்டது சரி, சொன்ன காரணம்தான் தப்பு. ரொம்ப அகலமான குழாய் போட்ட வண்டியில் கீழ் பிக்கப் செத்துப்போவதை அவர் பார்த்திருப்பார். அடைப்பு குறைந்ததால் அது நடக்கவில்லை. அகலம் கூடினால் வாயுவின் வேகம் குறையும், வேகம் குறைந்தால் உறிஞ்சல் பலவீனமாகும். எஞ்சினுக்கு வேண்டியது ஓட்டம். அடைப்பை எந்த எஞ்சினும் விரும்பியதில்லை.

இதை வைத்தே அளவையும் முடிவு செய்யலாம். கார்வெட் மாதிரி பெரிய வி8-க்கு முதன்மைக் குழாய் ஒன்றே முக்கால் அங்குலமா, அதற்கும் அரைக்கால் அங்குலம் கூடுதலா என்று ஆட்கள் மணிக்கணக்காக வாதாடுவார்கள். கேம், ஹெட் எதையும் மாற்றாமல் தெருவில் ஓட்டும் வண்டிக்கு என் ஓட்டு சின்னதற்கே.

கேள்வி: 4-1 வாங்கவா, 4-2-1 வாங்கவா?
(வாசகர், துபாய்)

ரேஸ் டிராக்கில் மட்டும் ஓட்டி, முள்ளை எப்போதும் சிவப்புக் கோட்டருகே வைத்திருப்பவருக்கு 4-1. நான்கும் ஒரே இடத்தில் கூடுவதால் உச்சத்தில் பலன் அதிகம், ஆனால் அந்தப் பலன் குறுகிய எல்லைக்குள்ளேயே நிற்கும். வீட்டுக்கும் கடைக்கும் மலைக்கும் அதே காரில் போகிறவருக்கு 4-2-1. முதலில் இரண்டிரண்டாகச் சேர்ந்து, பிறகு ஒன்றாவதால் இழுவை பரவலாகக் கிடைக்கும்.

எந்த இரண்டு சேரவேண்டும் என்பதில்தான் வித்தை இருக்கிறது. எஃப்ஏ20-இல் வெடிக்கும் வரிசை 1-3-2-4. ஒன்றும் மூன்றும் ஒரே பக்கம். இரண்டும் நாலும் எதிர்ப்பக்கம். பக்கத்துக் குழாய்களை இணைப்பது வெல்டருக்குச் சுலபம். ஆனால் அவை அடுத்தடுத்து வெடிப்பவை, ஒன்றன் மூச்சு மற்றதன் முகத்தில் அடிக்கும். ஒன்றையும் இரண்டையும், மூன்றையும் நாலையும் இணைத்தால் நடுவே முழுசாக ஒரு சுற்று இடைவெளி கிடைக்கும். அதற்குக் குழாய்கள் எஞ்சினுக்கு அடியில் குறுக்கே போகவேண்டும். நல்ல ஹெடர் வளைந்து நெளிந்து இருப்பதற்கும் விலை கூடுவதற்கும் இதுவே காரணம்.

வி8-இல் இந்தப் பிடிவாதத்தின் சிகரம் ஃபோர்டு ஜிடி40. 1966 முதல் 1969 வரை லு மான் 24 மணி நேரப் பந்தயத்தை வரிசையாக நான்கு முறை வென்ற வண்டி. இடது வரிசைக் குழாய்களில் பாதி வலப்பக்கம் தாவ, வலது வரிசையில் பாதி இடப்பக்கம் தாவ, எட்டும் எஞ்சினின் தலைக்கு மேலே பின்னிக்கிடக்கும். "பாம்புக் கட்டு" என்றே அதற்குப் பட்டப்பெயர். ஒவ்வொரு கலெக்டருக்கும் சம இடைவெளியில் துடிப்பு வரவேண்டும் என்பதற்காகப் பட்ட பாடு அது. மனிதர்கள் உலோகத்தை வளைத்துச் செய்த அழகான காரியங்களில் ஒன்றாக நான் அதை மதிக்கிறேன்.

கேள்வி: சம நீளமில்லாத ஹெடர் போட்டால் பழைய சுபாருவின் "டப டப" வரும் என்கிறார் என் கணவர். வீட்டில் கைக்குழந்தை தூங்குகிறது. வருமா?
(வாசகி, மார்க்கம், கனடா)

வரும். துடிப்புகள் முன்பின்னாக வந்து சேருவதால் எழும் சத்தம் அது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகிற முதல் நிமிடத்தில்தான் அது மிகவும் உரக்கக் கேட்கும், அதாவது காலை ஆறு மணிக்கு. சம நீளத்தில் சத்தம் சீராக இருக்கும். குழந்தைக்கு ஓட்டுரிமை கொடுங்கள்.

கேள்வி: போலோ ஜிடி 1.0 டிஎஸ்ஐ வைத்திருக்கிறேன். அதற்கு நல்ல ஹெடர் எது?
(வாசகர், சென்னை)

எதுவும் இல்லை. அந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கிறது. வெளியே வரும் வாயு நேரே டர்போவுக்குள் போய்விடும். உங்களுக்கு ஹெடர் விற்கவந்தவர் உங்கள் பானெட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

கேள்வி: பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா, செராமிக் பூசிய சாதா இரும்பா?
(வாசகர், சிங்கப்பூர்)

தெருவண்டிக்கு 304 ரக ஸ்டெயின்லெஸ் போதும். துருப்பிடிக்காது, கெட்டியாக வெல்டிங் ஏற்கும். ஆனால் சூட்டில் நன்றாக நீளும். அரை மீட்டர்க் குழாய் 600 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் வளரும். வளர இடமில்லாவிட்டால் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும். அதனால் மெல்லிய தகட்டைத் தவிர்த்து ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமன் கேளுங்கள். எஞ்சினோடு பொருந்தும் ஃபிளாஞ்ச் தடியாக இருக்கவேண்டும், மேலே ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தினால் அடியில் வெளிச்சம் தெரியக்கூடாது. பளபளப்பு முதல் வாரத்திலேயே பொன்னாகி, பிறகு நீலமாகிவிடும். செராமிக் பூச்சின் பெருமை அழகு இல்லை, பானெட்டுக்குள் சூடு பரவாமல் காப்பது.

கேள்வி: சூடு தணிய ஹெடரைச் சுற்றித் துணிப்பட்டை கட்டலாமா?
(வாசகர், மதுரை)

சாதா இரும்பில் வேண்டாம். ஈரத்தைப் பிடித்துவைத்து உள்ளுக்குள்ளேயே அரிக்கும். பட்டை கட்டினால் வாரன்டி இல்லை என்று பல தயாரிப்பாளர்கள் எழுதியே கொடுக்கிறார்கள்.

கேள்வி: கேட்டலிடிக் கன்வர்ட்டர் இல்லாத ஹெடர் விலையும் குறைவு, பவரும் அதிகம். அதையே போட்டுவிடட்டுமா?
(வாசகர், சான் ஹோசே, கலிஃபோர்னியா)

வேண்டாம். முதல் தலைமுறை 86-இல் முதல் கன்வர்ட்டர் ஹெடருக்குள்ளேயே இருக்கிறது. சுமார் 300 டிகிரி சூடேறினால்தான் அது வேலை செய்யும் என்பதால் எஞ்சினுக்கு ஒட்டி வைத்தார்கள். கார்பன் மோனாக்ஸைடையும் எரியாத பெட்ரோலையும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளையும் அடக்குவது அதற்குள் இருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. அதை எடுத்துவிட்டால் நீங்கள் சிக்னலில் நிற்கும்போது பின்னால் ஸ்கூட்டரில் இருப்பவர் உங்கள் பவருக்கு நுரையீரலால் விலை கொடுப்பார். எனக்கு இது ஒப்பாது.

சட்டத்துக்கும் ஒப்பாது. அமெரிக்காவில் கிளீன் ஏர் சட்டம் இதைத் தடுக்கிறது. உங்கள் மாநிலத்தில் ஏர் ரிசோர்சஸ் போர்டு தந்த எக்ஸிக்யூட்டிவ் ஆர்டர் எண் அந்த ஹெடருக்கு இருக்கவேண்டும், இல்லையென்றால் ஸ்மாக் சோதனையில் கண்ணால் பார்த்தே தள்ளிவிடுவார்கள். இந்தியாவில் கேட்பவர்கள் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் படித்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள். ஓட்டம் தடைபடாத ஹை-ஃப்ளோ கன்வர்ட்டர் உள்ள ஹெடர்கள் கிடைக்கின்றன. அதிலும் உங்கள் ஊர் அனுமதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: நானே மாட்ட ஆசை. ஜாக்கியும் ஸ்பேனர் செட்டும் இருக்கிறது. முடியுமா?
(வாசகர், பிரிஸ்பேன்)

86-இல் முடியும். ஹெடர் எஞ்சினுக்கு அடியில் தொங்குவதால் கை போக இடம் இருக்கிறது. வி8 வண்டிகளில் ஸ்டார்ட்டர், ஸ்டீயரிங் ராடு, பிளக் வயர் எல்லாம் நடுவே நின்று சோதிக்கும்.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள். நாலு ஜாக் ஸ்டாண்ட், சமதளம். உள்ளே போகுமுன் காரைப் பலமாக ஆட்டிப் பாருங்கள். முந்தின இரவே ஒவ்வொரு நட்டுக்கும் துரு இளக்கும் ஆயில் அடித்துவிடுங்கள். வேலை நாளில் எஞ்சின் ஆறியிருக்கட்டும், பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். நட் வராவிட்டால் முரட்டுத்தனம் வேண்டாம்: கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி ஆயில். அலுமினியம் ஹெட்டுக்குள் ஸ்டட் முறிந்தால் ஒரு மணி நேர வேலை ஒரு வார வேலையாகிவிடும். நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து வந்தால் பயப்பட வேண்டாம், சுத்தம் செய்து திரும்ப ஏற்றலாம்.

ஆக்ஸிஜன் சென்சார்களுக்கென்றே பக்கவாட்டில் வெட்டிய சாக்கெட் உண்டு, அதை வாங்குங்கள். மரையில் ஆன்டி-சீஸ் தடவலாம், சென்சாரின் முனையில் ஒரு துளியும் படக்கூடாது. சாதாரண சிலிக்கான் பசையைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். அதன் ஆவி சென்சாரைக் கொன்றுவிடும். கேஸ்கெட் புதுசாக, கம்பெனியுடைய பல அடுக்கு ஸ்டீல் ரகமாக இருக்கட்டும்.

எல்லா நட்டையும் முதலில் விரலாலேயே ஏற்றுங்கள். ஒன்றை இறுக்கிவிட்டு மற்றதைத் தேடினால் ஓட்டை பொருந்தாது. பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு, சுற்றுச் சுற்றாக, சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடியுங்கள். சென்சார் வயர் குழாயைத் தொடாமல் கட்டுங்கள். கடைசியாக, குழாய் முழுவதையும் ஸ்பிரிட்டால் துடையுங்கள். கைரேகையை விட்டால் அது சூட்டில் சுட்டு நிரந்தரமாகிவிடும்.

முதல் ஸ்டார்ட் திறந்த வெளியில். சில நிமிடம் புகையும். தயாரிப்பு எண்ணெய் எரிவதுதான். ஆறியதும் மறுபடி எல்லா நட்டையும் டார்க் ரெஞ்சால் பாருங்கள், சில இளகியிருக்கும்.

கேள்வி: மாட்டியாகிவிட்டது. காலையில் "டிக் டிக்" என்கிறது, எஞ்சின் லைட்டும் எரிகிறது!
(வாசகர், ஸ்கார்பரோ)

டிக் டிக் என்றால் ஃபிளாஞ்சில் கசிவு. சூடானதும் உலோகம் விரிந்து சத்தம் மறையும், கசிவு தீர்ந்துவிட்டதாக நினைக்காதீர்கள். அந்த ஓட்டை வழியே வெளிக்காற்று உள்ளே போனால், பெட்ரோல் குறைவு என்று சென்சார் தப்பாகச் சொல்ல, ஈசியூ வீணாகப் பெட்ரோலை ஊற்றும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் சைலன்சர் முனையில் வாக்யூம் கிளீனரின் ஊதும் பக்கத்தை வைத்து, இணைப்புகளில் சோப்பு நீர் அடியுங்கள். குமிழி வரும் இடம்தான் குற்றவாளி.

லைட்டின் பிழைக் குறியீடு பி0420 என்றால் கன்வர்ட்டர் போதுமான அளவு வேலை செய்யவில்லை என்று பொருள். கசிவை அடைத்த பிறகும் வந்தால், உங்கள் ஹை-ஃப்ளோ கன்வர்ட்டர் தரமில்லாதது; விற்றவரிடம் திரும்பப் போங்கள். லைட்டை அணைக்க மட்டும் ட்யூன் செய்து தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள்.

கேள்வி: கழற்றிய பழைய ஹெடரைக் காயலான் கடையில் போட்டுவிடலாமா?
(வாசகர், ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா)

போடாதீர்கள்! காரை விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான். உள்ளே கன்வர்ட்டர் இருப்பதால் திருடர்களும் அதைத்தான் தேடுவார்கள். கழற்றிய நட், ஸ்பிரிங் போல்ட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அதிலேயே கட்டி, சாக்கில் சுற்றி, பூட்டுகிற அறையில் வையுங்கள். பழைய கேஸ்கெட்டை மட்டும் தூக்கி எறியலாம்.