பண்டல் போடுதலும் பிடித்தலும்: ஒரு முன்னோடி ஆய்வு

1687இல் வெளிவந்த 'பிரின்சிபியா'வில் இயக்க விதிகளை எழுதிய நியூட்டன், மாடியிலிருந்து பண்டல் போடுகிறவரையும் கீழே நின்று பிடிக்கிறவரையும் கண்டுகொள்ளவே இல்லை. திருப்பூரில் அப்போது பனியன் கம்பெனி கிடையாது என்பதால் அவரை மன்னிக்கலாம். விடுபட்டதை நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுக்களம்: மாடியில் கட்டிங் டேபிள், கீழே குட்டி யானை வண்டி, இரண்டுக்கும் நடுவே ஷிப்மென்ட் அவசரத்தில் யாரும் மதிக்காத படிக்கட்டு. வெட்டிய பீஸ் கட்டிய பண்டல் 20 கிலோ என்றும், உயரம் 3 மீட்டர் என்றும் கொள்க. கீழே வந்து சேரும்போது வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 7.7 மீட்டர். உந்தம் 153 அலகு. இந்த 153ஐ யாராவது வாங்கியே தீர வேண்டும். இதில் தள்ளுபடி இல்லை. எவ்வளவு நேரத்தில் வாங்குவது என்பதில் மட்டுமே பேரம் பேசலாம்.

சிமென்ட் தரை 0.02 விநாடியில் கணக்கை முடித்தால், பண்டலின் எடையும் சேர்த்துச் சராசரி விசை 7,800 நியூட்டன். அதாவது 800 கிலோ ஏறி உட்கார்ந்த பாரம். அதே பண்டல் பனியன் வேஸ்ட் குவியலில் விழுந்து 0.2 விநாடியில் நின்றால் ஆயிரம் நியூட்டனுக்குள் அடங்கிவிடும். ஆனால் குவியல் முக்கால் மீட்டராவது அமுங்கித் தர வேண்டும். ஒற்றைச் சாக்கைப் போட்டுவிட்டு விஞ்ஞானத்தைக் குறை சொல்லக் கூடாது. பின்னல் துணி வளையம் வளையமாக இருப்பதால் நன்றாக அமுங்கும், துள்ளாது. துள்ளுகிற சரக்கை நிறுத்தவும் வேண்டும், திருப்பி அனுப்பவும் வேண்டும். தரைக்கு அது ஒன்றரை ஷிப்ட் வேலை.

பிடிப்போரில் இரு மரபினர் உண்டு. புதியவர் கையை விறைத்து நிற்பார். முதல் பண்டலோடு மரபு மாறிவிடுவார். பழகியவரிடம் "எப்படிங்ணா வலிக்காமப் புடிக்கறீங்க?" என்று கேட்டதற்கு, "அதை எதுத்து நிக்காதீங்க தம்பி, கூடவே எறங்கீருங்க" என்றார். பாடநூல்கள் இதையே ஒரு பக்கத்துக்குச் சொல்கின்றன. முட்டியும் முழங்கையும் மடிவதெல்லாம் நேரம் சம்பாதிக்கத்தான்.

ஊருக்கே அந்த நேரம் கிடைக்காமல் போனதும் உண்டு. 2025 ஆகஸ்ட் 7 முதல் 25 விழுக்காடு, 27 முதல் 50 விழுக்காடு என்று இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா கூடுதல் வரி போட்டது. நூல் வாங்கிக் கப்பல் ஏற்ற மாதக்கணக்கில் ஆகும் தொழிலுக்கு, முட்டி மடிக்க 20 நாள்.

கிளை முடிவு ஒன்று. ஜாப் வொர்க் பில்லும் இவ்விதிக்கு உட்பட்டதே. மொத்தத் தொகை மாறாது. சனிக்கிழமை சனிக்கிழமையாக இழுத்தால் கம்பெனிக்கு வலி குறைகிறது. எதிர்ப்பக்கத்துக்கும் அதே அளவுதான் என்கிறது மூன்றாம் விதி. தைத்துக் கொடுத்த பவர்டேபிள்காரர் மட்டும் அதை ஒப்புக்கொள்ள மறுக்கிறார்.