ஷவர் சொட்டு: பரபக்கமும் சுபக்கமும்

13-ம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரை இயற்றிய அருணந்தி சிவாச்சாரியார் நூலை இரண்டு பகுதியாக வகுத்துக்கொண்டார். பிறர் கொள்கைகளை எடுத்துச் சொல்லி மறுப்பது பரபக்கம். தம் கொள்கையை நிலைநாட்டுவது சுபக்கம். இறை, உயிர், தளை என்று பெரிய விஷயங்களுக்காக ஏற்பட்ட இந்த முறையை, தாம்பரத்தை அடுத்த ராஜகீழ்ப்பாக்கத்து முதல் மாடிக் குளியலறை ஒன்றில் ஊர் அடங்கிய பிறகு சொட்டத் தொடங்கும் ஷவருக்குப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஆய்வுப்பொருளின் அளவு. ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றும்போது 20 சொட்டு ஒரு மில்லி என்று கணக்கு வைப்பார்கள். அதையே இங்கும் கொள்வோம். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு, 4.3 லிட்டர் சொச்சம். ஷவரில் தொங்கி விழும் சொட்டு ஊசிச் சொட்டைவிடப் பருமன் என்பதால் இது மிகக் குறைந்தபட்சக் கணக்கு. அப்படியும் ஐந்து நாள் முடிவதற்குள் ஒரு 20 லிட்டர் கேன் காலி. மே மாதத்தில் லாரிக்காரரிடம் கெஞ்சித் தண்ணீர் வாங்கியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. சொட்டுக்கும் சொட்டுக்கும் இடைப்பட்ட நேரத்தைப் படுத்தபடியே எண்ணித் தூக்கம் வரவழைக்க நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: குழாய்ச் சொட்டின் இடைவெளி சில வேகங்களில் ஒழுங்கு தப்பிக் கணிக்க முடியாததாகிவிடும் என்பதை வைத்தே அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் ஷா 1984-ல் ஒரு நூல் எழுதியிருக்கிறார். எண்ணிப் பயனில்லை.

இனி பரபக்கம்.

அருணந்தியார் உலகாயதனிடமிருந்து தொடங்குவார், நாமும் அப்படியே. கண்ணால் கண்டதே மெய் என்பவர் உலகாயதர். சொட்டு எங்கிருந்து விழுகிறது? ஷவர் தலையிலிருந்து. ஆகவே பழுது ஷவர் தலையில். இந்த மதத்துக்குத் தாம்பரம் கிழக்கில் அடியார்கள் அதிகம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கேம்ப் ரோடு ஹார்டுவேர் கடைக்குப் போய் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு மழை ஷவர் வாங்கிவந்து, நூலில் டெஃப்லான் டேப்பை ஏழு சுற்றுச் சுற்றி மாட்டுவார்கள். அன்றிரவு அது பழையதைவிடக் கம்பீரமாகச் சொட்டும். இவர்களுக்கு மறுப்பு ஒரு வரிதான்: ஷவர் தலைக்குத் திறக்கவும் தெரியாது, மூடவும் தெரியாது, வருவதை வழியனுப்புவது மட்டுமே அதன் தொழில்.

ஆனாலும் இவர்கள் கட்சியில் ஒரு துளி உண்மை இருக்கிறது. குளித்து முடித்து மூடியதும் ஷவர் தலையிலும் அதன் கைக்குழாயிலும் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும். சின்னத் துளைகளில் நீரின் பரப்பு இழுவிசை அதைப் பிடித்து வைத்திருக்கும். காற்று உள்ளே புகுந்தால்தான் நீர் வெளியே வரும் என்பதால் அது தன் இஷ்டத்துக்கு, சில சமயம் கால் மணி நேரம் கழித்து, சளசளவென்று இறங்கும். ஷவரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் உடனே கொட்டி முடிந்துவிடும். இது மிச்சச் சொட்டு; பழுது அல்ல. ராத்திரி குளிக்காத வீட்டிலும் விடியவிடிய விழுந்தால்தான் அது நித்தியச் சொட்டு. இந்த இரண்டையும் பிரித்தறியாமல் பிளம்பருக்குப் போன் போட்டவர்கள் தண்டச் செலவு செய்தவர்கள்.

அடுத்தவர் மாயாவாதி. சொட்டு என்று ஒன்று உண்டென நினைப்பதே மயக்கம் என்பது இவர் கட்சி. வாடகை வீடுகளில் வீட்டு ஓனர்களிடையே இந்த மதம் செல்வாக்குப் பெற்றது: 'இத்தனை வருஷமா யாரும் சொன்னதில்லையே சார்.' இவர்களுக்கு அண்மையில் அறிவியல் துணையும் கிடைத்திருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் அனுராக் அகர்வால், பிரேசிலில் நண்பர் வீட்டுக் கூரை ஒழுகித் தூக்கம் கெட்டதில் யோசிக்க ஆரம்பித்து, 2018-ல் வெளியிட்ட ஆய்வில் 'டொக்' என்ற ஓசை எங்கிருந்து பிறக்கிறது என்று காட்டினார். சொட்டு நீர்ப்பரப்பில் மோதுவதால் அல்ல. மோதிய குழிக்கு அடியில் சிறைப்படும் காற்றுக்குமிழி துடிப்பதால். வாளித் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் கொஞ்சம் விட்டால் ஓசை நின்றுவிடும். சொட்டு நிற்காது. ஓசை போனால் சொட்டும் போனதாகக் கொள்வோர் மோட்டார் ஓடும் நேரத்தைக் கவனிக்கட்டும்.

மூன்றாமவர் சித்தியாரில் இல்லாதவர். இறுக்கவாதி என்று பெயரிடுகிறேன். ஒழுகினால் இன்னும் அழுத்தி மூடு என்பவர். மூன்றிலும் ஆபத்தான மதம் இதுதான். ஏன் என்பது சுபக்கத்தில் வரும்.

சுபக்கத்தின் ஒரே சித்தாந்தம் இது: சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு. ஷவருக்குக் கீழே, கைக்கு எட்டும் உயரத்தில், சிவப்புப் பொட்டும் நீலப் பொட்டும் வைத்துச் சுவரில் உட்கார்ந்திருக்கும் மிக்சர்தான் ஒழுகும் இடம். இதை நிறுவ, சைவ மரபு கொண்ட காட்சி, கருதல், உரை என்ற மூன்று அளவைகளே போதும்.

காட்சி: சொட்டைக் கையில் ஏந்திப் பாருங்கள். கீசர் ஓடும் நேரத்தில் வெதுவெதுப்பாக இருந்தால் சுடுதண்ணீர்ப் பக்கம். கருதல்: கீசருக்கு அடியில் உள்ள ஆங்கிள் வால்வை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். சொட்டு நின்றால் சந்தேகம் தீர்ந்தது. நிற்காவிட்டால் பச்சைத்தண்ணீர்ப் பக்கம். காலையில் கீசர் போட்டால் மட்டும் சொட்டுகிறது என்பவர்கள் வேறு வகை. 25 லிட்டர் நீர் 25 டிகிரியிலிருந்து 60-க்குச் சூடானால் சுமார் 350 மில்லி பெருகும். பிரஷர் பம்ப் வைத்துத் திரும்பாத வால்வும் போட்ட வீடுகளில் அந்தப் பெருக்கம் மொட்டைமாடித் தொட்டிக்குத் திரும்ப வழியில்லை; சேஃப்டி வால்வோ, இருப்பதில் நோஞ்சானான வாஷரோ வழிவிடும்.

உரை என்பது ஆப்த வாக்கியம், நம்பத்தகுந்தவர் சொல். எங்கள் வீட்டுக்கு வந்த பிளம்பர் ஷவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மிக்சர் கைப்பிடியை மூடித் திறந்தார். 'ஷவரக் கழட்டாதீங்க சார், அது பாவம். சுடுதண்ணி பக்கம் வாஷர் போயிருக்கு.' அளவைகள் மூன்றும் ஒரே முடிவுக்கு வந்தது தத்துவ வரலாற்றில் அடிக்கடி நடப்பதல்ல.

மாடிக்குப் போய் கேட் வால்வை மூடினார். பொட்டை நெம்பி, திருகைக் கழற்றி, கைப்பிடியை உருவி, ஸ்பானரால் ஸ்பிண்டிலை வெளியே எடுத்தார். அதன் வால் நுனியில் எட்டணா அகலத்தில் ஒரு கறுப்பு ரப்பர். நடுவில் மோதிரம் பதித்ததுபோல ஒரு வட்டப் பள்ளம். பள்ளத்தின் ஓரிடத்தில் ரப்பர் கிழிந்து, கிழிசலுக்குள் வெள்ளையாக உப்பு உறைந்திருந்தது. 1845-ல் இங்கிலாந்தின் ராதர்ஹாமில் திருகி மூடும் குழாய்க்குக் காப்புரிமை வாங்கிய காலந்தொட்டு இவ்வகைக் குழாய்கள் நம்பியிருப்பது இப்படியொரு வட்டைத்தான். பித்தளை விளிம்பின்மேல் அது மெத்தென்று உட்கார்ந்தால் தண்ணீர் நிற்கும். இறுக்கவாதி அழுத்த அழுத்தப் பள்ளம் ஆழமாகிறது, ரப்பர் பிளக்கிறது. கிழிசல் வழியே ஓடும் நீர் பித்தளை விளிம்பையும் அரித்துவிடும். அதன்பிறகு புது வாஷர் போட்டாலும் நிற்காது. விளிம்பைத் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும், இல்லையேல் மிக்சரையே மாற்ற வேண்டும். கால் திருப்பில் மூடும் புதிய ரகங்களில் வாஷருக்குப் பதில் இரண்டு பீங்கான் தகடுகள். அவற்றின் இடையில் மணல் சிக்கினாலும், அடியிலுள்ள ரப்பர் வளையம் கெட்டித்துப் போனாலும், கார்ட்ரிட்ஜை அப்படியே மாற்றவேண்டியதுதான். பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போகவும். வாயால் அளவு சொல்லி வாங்கியது பொருந்தியதாகச் சரித்திரமில்லை.

வாஷரின் விலை ஒரு டீக்குக் காணாது. உலகாயதர் அதற்காக மழை ஷவர் வாங்கினார் என்பதை மறுபடி சொல்லிக்காட்டுவது ஆய்வு நாகரிகமாகாது, ஆனாலும் சொல்கிறேன்.

உப்பு எங்கிருந்து வந்தது என்ற மூலகாரண விசாரணை நம்மைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோகிறது. அந்நகரை நிறுவியவர் என்று நெடுங்காலம் பேசப்பட்ட ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல், நம் பக்கத்துப் பல்லாவரம் வட்டாரக் கல். 1890-களில் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல் வகைக்கு சார்னாக்கின் நினைவாக சார்னாக்கைட் என்று பெயர் வைத்தார். பல்லாவரம், தாம்பரம் பக்கமெல்லாம் போர் போட்டால் கீழே தட்டுப்படுவது இந்தக் குடும்பத்துப் பாறை. சிதைந்த பாறை இடுக்குகளில் கிடக்கும் நீர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும், வேறு வழியில்லையென்றால் 600 வரை போகட்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனம். எங்கள் தெருவில் பக்கெட் விளிம்பின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தே ஒரு குடும்பம் குடிவந்து எத்தனை வருஷம் என்று சொல்லிவிடலாம். எங்கள் பகுதி செம்பாக்கம் நகராட்சியில் இருந்தபோதும் சரி, 2021-ல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்த பிறகும் சரி, பாறை தன் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. அதனிடம் வாதம் செல்லாது, வினிகர் செல்லும். ஸ்பிண்டிலையும் ஷவர் தலையையும் அதில் ஓர் இரவு ஊறவைத்துப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் உப்பு நுரைத்துக் கழன்றுவிடும்.

இப்போது எங்கள் மிக்சர் இரண்டு விரலால் மூடினாலே நிற்கிறது. அடுத்த வாரம் கும்பகோணத்திலிருந்து பெரியப்பா வருகிறார். குழாயை மூடினால் ஒரு முனகல் கேட்கவேண்டும் என்பது அவர் சித்தாந்தம். குளியலறைக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டலாமா என்று கேட்டுப் பார்த்தேன். 'பெரியவங்ககிட்ட எப்படிங்க சொல்றது?' என்று வீட்டில் மறுத்துவிட்டார்கள். கடையில் இன்னொரு வாஷர் வாங்கி வைத்திருக்கிறேன்.