பை வென், மாமா?

சமையலறை அலமாரி செய்கிறேன் என்று பாதிச் சுவரை உடைத்துப் போட்டவரிடம், எப்போது முடியும் என்று நேற்றும் கேட்டேன். “இன்னா முடிஞ்சிட்டு அண்ணாச்சி” என்றார். அடுப்பு இன்னும் திண்ணையில்தான். முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றப் புறப்பட்ட ஆடிக் காற்று, போகிற வழியில், தீயலுக்குத் தேங்காய் வறுக்கும் நேரம் பார்த்து எங்கள் அடுப்பை அணைத்துவிட்டுப் போகிறது. இந்த மாதிரி ஆட்களிடம் தேதி வாங்கக் கைகண்ட வழி ஒன்று உண்டு, பிறகு சொல்கிறேன்.

பெங்களூர் மருமகன்தான் யோசனை சொன்னார். “தமிழ்ல கேட்டா மதிக்க மாட்டாங்க மாமா. சுத்தமான இங்கிலீஷ்ல ஒரு மெசேஜ் போடுங்க.”

‘வென் வில் யூ ஃபினிஷ்?’ என்று எழுதிக் காட்டினேன். மிரட்டுகிற தொனியாம். ‘பை வென்’ ஆக்கினேன். முன்னால் ‘மே ஐ நோ’ இல்லாவிட்டால் மரியாதை இல்லையாம். போட்டேன். அதுவும் பட்டென்று இருக்கிறதாம். ‘ஐ வாஸ் ஜஸ்ட் ஒண்டரிங்’ என்று ஆரம்பிக்க வேண்டுமாம். நான் எங்கே ஒண்டரிங் பண்ணினேன்? திண்ணையில் நின்று கத்திக்கொண்டிருக்கிறேன். அடுத்து ‘இஃப் யூ குட் கைண்ட்லி’ வந்தது. ‘டென்டேட்டிவ் டைம்லைன்’ வந்தது. ‘அட் யுவர் எர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்’ வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது. அவருக்கு எப்போது தோதுப்படுமோ அப்போது வரட்டும் என்று நானே எழுதிக் கொடுத்தால், மனுஷன் இந்த ஜென்மத்தில் எதற்கு வருகிறார்? “அது ஃபார்மல் மாமா” என்றார் மருமகன். கடைசியில் ‘தாங்கிங் யூ இன் அன்டிசிபேஷன்.’ ஒரு ஆணிகூட அடிக்கவில்லை, அதற்குள் நன்றி! அனுப்பும் முன் ஒருமுறை படித்துப் பார்த்தேன். எல்லாம் இருந்தது, கேள்விக்குறியைத்தான் காணோம்.

பதில் உடனே வந்தது: ‘ஷ்யூர் சார், ஷார்ட்லி.’ ஆள் வரவில்லை.

இங்கிலீஷையும் கடிகாரத்தையும் குறை சொல்ல முடியாது. 1809-லேயே ரிங்கல்தௌபே பாதிரியார் மயிலாடியில் பள்ளிக்கூடம் தொடங்கிய நாடு இது. 1893 முதல் நாகர்கோவில் மணிமேடையில் மணி பார்க்கிறோம். வேண்டுமானால் சூரியனைச் சொல்லலாம். இந்திய நேரம் மிர்சாப்பூர் பக்கம் போகும் 82½ பாகைக் கோட்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது; நாம் இருப்பது 77½ பாகையில். பாகைக்கு 4 நிமிடம் என்றால், உச்சிவெயிலே நமக்கு 20 நிமிடம் பிந்தித்தான். சரி, அந்த 20 நிமிடத்தைக் கழித்துவிடுகிறேன். மீதி மாதங்களுக்கு யார் பொறுப்பு?

சர்க்கார் ஆபீஸே தேவலை. 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரத்தில். தீயலும் உயிர் சம்பந்தப்பட்டதுதான் என்கிறாள் என் மனைவி. என்ன செய்ய, அலமாரிக்காரர் அந்தச் சட்டத்துக்குள் வர மாட்டார்.

ஆகவே மகாஜனங்களே, தமிழில் கேளுங்கள், இங்கிலீஷில் கேளுங்கள், அது உங்கள் இஷ்டம். முக்கால் பணம் உங்கள் மடியில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.