‘பர்த்’ என்னும் இரட்டைச் சொல்: ஒரு சாஸ்திர விசாரணை

ஆங்கிலேயர் நமக்கு விட்டுச் சென்ற சொற்களுள், எழுத்தில் ஓர் உயிரெழுத்தால் வேறுபட்டும் ஒலியில் சற்றும் வேறுபடாமலும் நின்று, தூத்துக்குடிவாசிகளின் ஜன்மத்தையும் ஜீவனத்தையும் ஒருங்கே ஆளும் ‘பர்த்’ என்னும் இரட்டைச் சொல்லைப் பண்டிதர்கள் இதுகாறும் கவனியாது விட்டது பெருங்குறையாகும். ஒன்று, பிறப்பு, மற்றொன்று, துறைமுகத்தில் கப்பலுக்கும் ரயிலில் பிரயாணிக்கும் கிடைக்கும் இடம்.

முதற்கண் லட்சண பேதம். பிறப்பாகிய பர்த், விண்ணப்பிக்காமலே வாய்ப்பது. இடமாகிய பர்த், விண்ணப்பித்தும் வாய்க்காதது. முன்னதை, நிகழ்ந்த பின் 21 நாளுக்குள் பதிய வேண்டும். பின்னதை, முத்துநகர் எக்ஸ்பிரஸ் புறப்படுவதற்கு 60 நாள் முன்னரே பதியலாம். ஒரே பர்த்தை இருவருக்குப் பகிர்ந்தளித்து எதிரெதிரே உட்காரவைக்கும் ஆர்.ஏ.சி. என்னும் ஏற்பாடு, பிறப்பின் விஷயத்தில் பிரமனும் துணியாதது.

இனி, ஒன்றின்றி மற்றொன்று இருத்தல் கூடுமோ எனின், கூடும் என்பது சரித்திரம். வ.உ.சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் கம்பெனி 1906இல் பிறந்தது. ஆயினும் கரையோரக் கடல் ஆழமற்றதாகையால், அக்காலத்துக் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கெல்லாம் தோணியேறியே கரை சேர வேண்டியிருந்தமையின், பர்த் உண்டாகியும் பர்த் இல்லாத நிலையே அதற்கு வாய்த்தது. 1974 ஜூலை 11இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதுத் துறைமுகத்திலோ, அவுட்டரில் காத்துக் கிடக்கும் கப்பலில் முறை வந்ததும் பைலட் ஏறி, டக்குகள் தள்ளியும் இழுத்தும் அணைத்துவர, வடத்தின் கண்ணியைக் கரைக் கம்பத்தில் மாட்டியவுடன், ‘பர்த் ஆயிட்டு’ என்பர் கரையிலுள்ளோர். அதைக் கேட்ட வெளியூரார், ‘ஆணா, பெண்ணா?’ என வினவுவாராயின், கப்பலைப் பெண்பாலாக வழங்கும் ஆங்கில மரபுப்படி, ‘பெண்’ என விடையிறுத்தல் வழுவன்று.

இவ்விரண்டும் யாதொரு சம்பந்தமும் அற்றவை எனச் சாதிக்கும் பூர்வபட்சிகள் முத்துச்சிப்பியை நோக்கினாரல்லர். மன்னார் வளைகுடாவின் பாரில், சிப்பியின் சதைக்குள் பிறக்கும் முத்து, குளிப்பவர் கை படும் வரை பிறந்த இடத்தைவிட்டு நீங்காமையால், அதற்கு இரண்டு பர்த்தும் ஒன்றே, இது அத்வைதம். மனிதர்க்கோ, 60 வயது நிரம்பிய ஆடவர்க்கும் 45 நிரம்பிய பெண்டிர்க்கும் கீழ்ப் பர்த்தில் தனி ஒதுக்கீடு வைத்துள்ள ரயில்வே விதி, முன்னதே பின்னதற்குக் காரணம் என ஐயமற நிறுவுகிறது. ஆகவே, 59 வயதில் சைடு அப்பருக்கு ஏணி பிடித்து மூச்சிரைப்பவர், தம்மைச் சற்று முன்னதாகப் பெற்றுப் போடாத தாய் தந்தையரையன்றி ரயில்வேயை நோவது சாஸ்திர சம்மதமன்று.