லண்டனில் ஒரு கூப்பன்காரன்

ஈஸ்ட் ஹாம், லண்டன்
18.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்கக் குசலானமலைக் குமரனை வேண்டிக்கொள்கிறேன். இந்த வரி இல்லாமல் கடிதம் தொடங்கினால் அம்மா கனவில் வந்து காதைத் திருகுவா.

நேற்றுப் போனில் நீங்கள் கேட்ட கேள்வி இன்னும் காதுக்குள் நிற்கிறது. "என்ன தம்பி, நீ அங்க கூப்பனிலயாம் சாமான் எடுக்கிற? மெய்தானா?" கேட்டதோடு விடாமல் மூக்கையும் உறிஞ்சினீர்கள். நான் பதில் சொல்ல வாயெடுக்க முதல், ஆரோ சீனிக்கு வந்திட்டாங்க என்று போனை வைத்துவிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தின் நடுவில் ஒருவரும் சீனி கேட்டு வரமாட்டார்கள்.

விசாரித்துப் பார்த்ததில், வேலை என்ர மகனுடையது. "அப்பா கூப்பன் இல்லாமல் கடைக்குப் போகமாட்டார்" என்று உங்கட சின்னவனுக்கு வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கிறான். உங்கட கரடியனாற்றுக் கடை வாசல் வாங்கில் ஏறி உட்கார்ந்த செய்தி அங்கேயே இருந்ததாகச் சரித்திரம் இல்லை. இந்நேரம் பதுளை வீதியால் பஸ் பிடித்து செங்கலடிக்கும், மறுபக்கம் உன்னிச்சைக்கும் போயிருக்கும். "பாவம், லண்டனில நிவாரணத்தில இருக்கான்" என்று முடித்திருப்பார்கள்.

உங்கள் கண்ணீரிலும் நியாயம் இருக்கிறது. எங்களுக்குக் கூப்பன் என்றால் அம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் காணி உறுதிக்குப் பக்கத்தில் படுத்திருந்த மட்டைதான். சங்கக்கடை வாசலில் வரிசை, புளுங்கலரிசி மணம், முன்னுக்கு நிற்பவர் எடுத்த பிறகு மிச்சம் இருக்குமோ என்ற நெஞ்சிடி. அந்த மட்டை லேசுப்பட்டதல்ல. 1953இல் கூப்பன் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற, ஓகஸ்ட் 12இல் நாடே ஹர்த்தால் செய்து, கடைசியில் டட்லி சேனநாயக்க பிரதமர் கதிரையை விட்டு எழும்பினார். 1979இல் அது உணவு முத்திரையாகி, பிறகு சமுர்த்தியாகி, இப்போது அஸ்வெசும என்று உங்கட கடைக் கொப்பியில் வரவு வைக்கப்படுகிறது.

ஆனால் ஒன்று. அந்தக் கூப்பனை 1942இல் எங்களுக்குக் கொண்டுவந்தது இந்த வெள்ளைக்காரன்தான். அவன் ஊரிலும் 1940 ஜனவரி 8இல் பட்டர், சீனி, பன்றியிறைச்சியில் தொடங்கிய பங்கீடு 1954 ஜூலை 4 மட்டும் இருந்தது. ஆகவே உங்கட தம்பி கெட்டுப்போகவில்லை அக்கா. ராச பரம்பரையாய் வந்த பழக்கத்தைத்தான் தொடர்கிறான்.

இப்போதுள்ள கூப்பனை அரசாங்கம் தருவதில்லை, கடைக்காரனே தருகிறான். இல்லாதவனுக்கு என்றில்லை, மெர்சிடிஸ் காரில் வந்து இறங்குபவரும் போனை நீட்டிக் கழிவு கேட்கிறார். கடைக்காரனுக்கு ஏன் இந்தத் தாராளம் என்று கேட்பீர்கள். அதற்கும் உங்கட கொப்பிதான் விளக்கம்.

அப்பா காலத்திலிருந்து வரும் அந்த நீலமட்டைக் கடன்கொப்பியில் என்ன இருக்கிறது? ஆர் எத்தனை நாளைக்கு ஒருக்கால் சீனி வாங்குகிறார், எந்த வீட்டில் பிள்ளை பிறந்து பால்மா ஏறியிருக்கிறது, ஆர் வெட்டு முடிந்து நெல் விற்றதும் காசோடு வருவார். டெஸ்கோ என்ற பெரிய கடை 1995இல் கிளப்காட் என்று ஒரு காட் அடித்து நாட்டுக்கெல்லாம் கொடுத்தது. அதற்கு முன் சில கடைகளில் மட்டும் சோதித்துப் பார்த்தார்களாம். கணக்கைக் கண்ட தலைவர், முப்பது வருசமாக நான் அறியாததை மூன்று மாதத்தில் நீங்கள் அறிந்துவிட்டீர்களே, பயமாக இருக்கிறது என்று சொன்னதாகக் கதை. அவர் கரடியனாற்றுக்கு வந்திருந்தால் அப்பா ஒரு வாங்கில் இருத்தி, பிளேன்டீ கொடுத்து, எல்லாவற்றையும் கொப்பி விலைக்கே சொல்லிக் கொடுத்திருப்பார்.

இன்றைக்கு என் போனில் கிடக்கும் காட்டுக்கு நான் கிழமைக்கு எத்தனை தயிர் தின்கிறேன் என்று தெரியும். சனிக்கிழமை தயிருக்குக் கழிவு அனுப்பும். ஆனால் முட்டியைக் கவிழ்த்தாலும் விழாத எருமைத்தயிரை நினைத்துக்கொண்டுதான் உங்கட தம்பி இந்த வெள்ளைத் தண்ணியைக் குடிக்கிறான் என்பது அதற்குத் தெரியாது. அந்தக் கணக்கு உங்களிடம் மட்டும்தான்.

இந்தக் காட்டால் ஒவ்வொரு தட்டிலும் இரண்டு விலை தொங்குகிறது. காட் உள்ளவனுக்கு ஒன்று, இல்லாதவனுக்கு ஒன்று. இதை நீங்கள் செய்தால் அடுத்த நாள் கடையில் ஓடு மிஞ்சாது. இங்கே வரிசையில் நின்று ‘பீப்’ அடித்துவிட்டுப் போகிறார்கள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் நீங்கள் கியூஆர் காட்டி, அத்தானின் மோட்டார்சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர் பெற்றோல் அடித்தீர்களே, அதே கட்டம் கட்டமான படம்தான். அங்கே அது இல்லாவிட்டால் எண்ணெய் இல்லை. இங்கே அது இல்லாவிட்டால் கூட விலை.

முதலில் எனக்கும் சந்தேகம்: விலையை ஏற்றி எழுதிவிட்டுக் குறைக்கிறான்களோ என்று. இங்கே போட்டிக்கும் சந்தைக்கும் என்று ஒரு அதிகாரசபை இருக்கிறது. அது சுமார் 50,000 சாமான்களைத் தோண்டிப் பார்த்து 2024 நவம்பரில் அறிக்கை விட்டது. நூற்றுக்கு 92 சாமானில் கழிவு மெய்யானதுதானாம். ஆனால் காட் விலைதான் ஊரிலேயே மலிவு என்று நினைக்காதே, நாலு கடை பார் என்றும் அதே அறிக்கை சொன்னது. அரசாங்கமே நாலு கடை பார் என்று சொன்ன பிறகு உங்கட தம்பி வீட்டில் இருப்பானா?

இங்கேதான் பஸ் வருகிறது. லண்டனில் பஸ்ஸுக்கு 1.75 பவுண். ஏறின நேரத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் அதே காசு. ஆகவே சனிக்கிழமை நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு ஓடுவேன். ஆல்டியில் காட்டும் இல்லை, கூப்பனும் இல்லை, மா எடுத்துக்கொண்டு வெளியே பாய வேண்டியதுதான். லிட்லில் பாண். டெஸ்கோவில் காட் அடிக்க வேண்டிய சாமான். அங்கே சில தட்டுகளில் "ஆல்டி விலைக்குச் சமம்" என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறான், எதிர்க்கடைக்காரன் பெயரையே! நீங்கள் செங்கலடிக் கடைக்காரரின் பெயரை எழுதி உங்கட கடையில் தொங்கவிடுவதை நினைத்துப் பார்த்து, வரிசையில் நின்றே சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற மனிசி ட்ரொலியை அங்கால இழுத்துக்கொண்டா.

ஐம்பத்தெட்டாவது நிமிசத்தில் கடைசி பஸ்ஸில் ஏறிவிட்டால் அன்றைக்கு வெற்றி. அறுபத்திரண்டாவது நிமிசத்தில் ஏறினால், காலை முழுக்க மிச்சம் பிடித்தது சாரதிக்கு.

போன மாதம் நடந்ததை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், வாங்குக்குப் போகக்கூடாது. ஒரு கடை (பெயர் வேண்டாம்) 40 பவுணுக்கு வாங்கினால் 5 பவுண் கழிவு என்று வவுச்சர் அனுப்பியது. எனக்குத் தேவையானதை எல்லாம் போட்டுக் கூட்டினால் 36.80. மிச்சம் 3.20க்கு என்ன எடுப்பது? இருபது நிமிசம் சுற்றினேன். கடைசியில் சலாட்டுக்கு ஊற்றுகிற புளித்தண்ணிப் போத்தல் இரண்டு எடுத்தேன். எங்கள் வீட்டில் இலையை அப்படியே தின்னும் சாதி மாடு மட்டும்தான் என்று அப்போது யோசனை வரவில்லை. மெசினில் வவுச்சரைக் காட்டினால் எடுக்கவில்லை. அங்கே நின்ற பிள்ளை வந்து வாசித்துவிட்டு மெல்லச் சொன்னது: "ஐயா, இது நேற்றோடு முடிந்துவிட்டது."

உங்கட மச்சாள் அந்த இரண்டு போத்தலையும் அலமாரியில் முன்னுக்கு வைத்திருக்கிறாள். ஒன்றும் சொல்லவில்லை. நான் வவுச்சர் என்று வாய் திறந்தால் அலமாரிக் கதவைத் திறப்பாள், அவ்வளவுதான்.

அன்றைக்குப் பிறகு நான் வவுச்சரை விட விலை மட்டையின் மூலையைத்தான் பார்க்கிறேன். அங்கே எறும்பு எழுத்தில் கிலோ என்ன விலை, நூறு கிராம் என்ன விலை என்று போட்டிருக்கும், அப்படிப் போடவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பெரிய எழுத்தெல்லாம் ஆசைகாட்ட, சின்ன எழுத்துத்தான் மெய் பேசும். பெரிய பைக்கட் மலிவு என்று நினைத்துத் தூக்கினால், பக்கத்திலுள்ள சின்னது கிலோவுக்குக் குறைவாக இருக்கும். ஒரே மஞ்சள்தூள், வெள்ளைக்காரன் சமையலுக்கான தட்டில் பெருவிரல் அளவு கண்ணாடிப் போத்தலில் நகைபோல் இருக்கும். இரண்டு ஒழுங்கை தள்ளி "உலக உணவு" என்று எழுதின இடத்தில் பையாகக் குவிந்து கிடக்கும், விலை மூன்றில் ஒரு பங்கு. போத்தலுக்குள் போனதும் மஞ்சளுக்கு மரியாதை கூடிவிடுகிறது. சந்தையில் எதைத் தொட்டாலும் "கிலோ எவ்வளவு?" என்று முதலில் கேட்பாரே அப்பா, வியாபாரிகள் முகம் சுளிக்க நான் வெட்கப்பட்டு அங்கால போய் நிற்பேனே. இப்போது என் மகன் அங்கால போய் நிற்கிறான்.

இரவு கடை மூடுகிற நேரம் இன்னொரு கூத்து. அன்றோடு நாள் முடிகிற இறைச்சி, பாண், பாலுக்கு விலையைக் குறைத்து மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஒட்டுகிற பொடியன் கையில் மெசினோடு வெளிக்கிட்டதும் ஐந்தாறு பேர் ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரிப் பின்னால் நடப்போம். வட்டையில் உழவு மெசினுக்குப் பின்னால் கொக்குகள் நடக்குமே, அதே நடை. கழுத்தை நீட்டி, ஒரு கால் வைத்து, நின்று, மற்றக் கால். அவன் குனிந்தால் நாங்களும் குனிவோம். ஒரு பாகிஸ்தான்காரர், ஒரு போலந்துக்கார மனிசி, நான். பெயர் தெரியாது, ஆனால் ஒருவர் வராவிட்டால் மற்றவர்கள் தேடுவோம். போன கிழமை அந்த மனிசி எனக்காக ஒரு கோழி பிடித்து வைத்திருந்தா.

சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. இப்போது சில கடைகளில் நாமே பில் போட்டு, அந்தப் பில்லைக் காட்டினால்தான் வெளியே போகும் படலை திறக்கும். முதல் தரம் பில்லை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் பொக்கற்றெல்லாம் தடவியபோது கைவிரல் குளிர்ந்துவிட்டது. கறுத்தப்பாலத்துச் சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் பையைத் தலைகீழாகக் கொட்டி, சவர்க்காரம் எத்தனை, பற்றரி எத்தனை என்று எண்ணின காலத்தில் நீங்கள் முன்னுக்கும் நான் பின்னுக்கும் நின்ற ஞாபகம். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பொடியன் பாட்டுக் கேட்டுக்கொண்டே பில்லைக் காட்டிவிட்டுப் போனான். அவனுக்கு அது வெறும் படலை.

சரி, அதை விடுங்கள்.

பிள்ளைகளின் பிஸ்கட் சேமிப்பிலும் மண் விழுந்துவிட்டது. இந்த மாதம் முதலாம் திகதியிலிருந்து இங்கிலாந்தில் பெரிய கடைகள் சொக்லேற், பிஸ்கட், சிப்ஸ் போன்ற கொழுப்பு, உப்பு, சீனி கூடின சாமான்களுக்கு "ஒன்று வாங்கினால் ஒன்று சும்மா" போடக்கூடாது என்று சட்டம். உடம்புக்கு நல்லதாம். மகன் கேட்டான்: "அப்போ சலாட் போத்தலுக்குப் போடுவாங்களா?" அலமாரிப் பக்கம் பார்த்துத்தான் கேட்டான்.

இவ்வளவு ஓடி மிச்சம் பிடிக்கிற காசெல்லாம் எங்கே என்று கேட்பீர்கள். பஸ்ஸால் இறங்கினதும் ஈஸ்ட் ஹாம் தெருவில் எங்கட ஆட்களின் கடை. அங்கே காட்டும் இல்லை, கூப்பனும் இல்லை, பாதிச் சாமானுக்கு விலை எழுதியும் இல்லை. உள்ளே போனதும் கருவாட்டு மணம் மூக்கில் ஏறும், மூளை இறங்கும். ஆல்டியில் பத்து பென்சுக்காக மல்லுக்கட்டினவன், நாலாகக் கட்டி வைத்திருக்கிற முருங்கைக்காய்க்கு விலை கேட்கவும் வெட்கப்பட்டு எடுத்து வைக்கிறான். குளிர்ப்பெட்டியில் கல்லாய்க் கிடக்கும் மீனைத் தூக்கி, இது வாவி மீனாக இருக்குமோ என்று தடவிப் பார்க்கிறான். நாளை மறுநாள் தீபாவளி வேறு. இன்றைக்கு அந்தக் கடைக்கு மட்டும் போனது 31 பவுண். கிழமை முழுக்க நான் மிச்சம் பிடித்தது, உங்கட மச்சாள் கணக்கில், 6.40.

மறுகா, மழை தொடங்கிவிட்டதா? அத்தான் விதைப்புக்கு இறங்கிவிட்டாரா? இந்த முறை ஆரும் வந்தால் வறுத்த கச்சானும் கஜுவும் கொடுத்து அனுப்புங்கள். அனுப்ப முதல் அங்கே கிலோ என்ன விலை என்று எழுதுங்கள், என் பட்டியலில் அந்த இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது.

அன்புத் தம்பி

பி.கு.: 2003இல் நான் வெளிக்கிட்ட நாள் கடையில் எடுத்த இரண்டு பைக்கட் லெமன் பஃப் இன்னும் கொப்பியில் என் பெயரில் கடனாக நிற்கிறது என்று மருமகள் சொன்னாள். அதற்குக் கூப்பன் எடுப்பீர்களா?