ரெண்டு விரல் ஆசாமி

பழைய பிரீமியர் பத்மினி ஒன்றை வைத்துக்கொண்டு, முன்பக்க ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் குட்டை ஸ்பிரிங் மாட்டி, வண்டியைத் தரையோடு தரையாக இறக்கியிருப்பவர் உங்கள் தெருவிலும் இருக்கக்கூடும். அடையாளம் சுலபம். எந்தக் கார் நின்றாலும் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரலை நுழைத்து அளப்பார். நாலு விரல் போனால் முகம் சுளிக்கும். அவருடையது ரெண்டு விரல்.

ஊரே பள்ளத்துக்கும் மழைத் தண்ணீருக்கும் பயந்து, ஸ்பிரிங்கில் ரப்பர் பஃபர் திணித்து வண்டியைத் தூக்கப் பார்க்கிறது. இவர் காசு கொடுத்து இறக்குகிறார். "புதுசுன்னு சொன்னீங்க, பழசைவிடக் குட்டையா இருக்கே?" என்று வீட்டம்மா கேட்டதற்கு அரை மணி நேரம் புவியீர்ப்பு மையம் பற்றிப் பாடம் நடந்தது. வளைவில் வண்டி சாயாதாம். அந்த 1089 சிசி எஞ்சினை அவர் நாற்பதுக்கு மேல் ஓட்டி யாரும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் மனிதருக்கு விஷயம் தெரியும். "எதுக்கு சார் புதுசு? கேஸ் கட்டர்ல ஒரு சுத்து வெட்டிட்டா முடிஞ்சுது" என்று மெக்கானிக் சொன்னபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நெருப்புப் பட்டால் கம்பியின் பதம் போய்விடும். வெட்டிய முனை கிண்ணத்தில் ஒழுங்காக உட்காராது. சரி, குட்டை ஸ்பிரிங்கே வாங்கினாலும் அது பழையதைப் போல் தொளதொளவென்று இருந்தால், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஸ்டாப்பரில் போய் இடிக்கும். அதனால் கம்பி சற்றுத் தடிமனாக வேண்டும். சற்று என்றால் சற்றுதான்: விட்டம் 10 சதவீதம் கூடினால் விறைப்பு 46 சதவீதம் கூடிவிடும். இதை டீக்கடையில் விளக்கியபோது மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுத் தலையாட்டினார்.

மாட்டியதும் ஒரு சங்கடம். பத்மினிக்கு முன்னால்தான் சுருள் ஸ்பிரிங். பின்னால் லாரிக்கு இருப்பதுபோல் பட்டை. மூக்கு மட்டும் இறங்கி, வண்டி சாஷ்டாங்க நமஸ்காரத்துக்குத் தயாரானதுபோல் நின்றது. பட்டை வேலை முடியும்வரை சரிக்கட்ட டிக்கியில் ஒரு மூட்டை அரிசி ஏறியது. வீட்டில் அரிசி தீர்ந்தாலும் அதில் கை வைக்கக் கூடாது.

வேகத்தடை வந்தால்தான் ஆளைப் பார்க்க வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் கணக்குப்படி அது 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்று ஒப்பிப்பார். தெருவில் இருப்பதோ கொத்தனாரின் அன்றைய மனநிலைப்படி. வண்டியை நிறுத்தி, பின்னால் திரும்பி, "அத்தை, கொஞ்சம் இறங்கி நடந்துடறீங்களா?" என்பார். மாமியார் இறங்கி, மேட்டைத் தாண்டி, அந்தப் பக்கம் நிற்பார். இவர் கோணலாக ஏற்றி, ஒவ்வொரு சக்கரமாக இறக்கி வருவதற்குள் பின்னால் மாநகரப் பேருந்து ஹாரனிலேயே திட்டி முடித்திருக்கும். இப்போதெல்லாம் அத்தை ஷேர் ஆட்டோவில் முன்னதாகப் போய்விடுகிறார்.

தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பேச்செடுத்தால் மட்டும் அவருக்குக் காது மந்தமாகிவிடும். போக்குவரத்துப் போலீஸ் குனிந்து பார்த்தால் பதில் தயார்: "வயசான வண்டி சார். ஸ்பிரிங் தொய்ஞ்சு போச்சு."

போன மாதம் தெருவுக்குப் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுத் தார் போட்டார்கள். வண்டி இறங்கிய அளவுக்குத் தெரு ஏறிவிட்டது. கேட்டைத் தாண்டினால் சைலன்சர் உரசுகிறது. பழைய ஸ்பிரிங் பரணில்தான் இருக்கிறது, மாட்டிவிடலாமே என்று கேட்டுப் பார்த்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வார்டு அலுவலகத்துக்கு எழுதிவைத்திருந்த மனுவைக் காட்டினார். தெருவை ரெண்டு இன்ச் இறக்கித் தர வேண்டுமாம். கீழே என் கையெழுத்துக்கும் இடம் விட்டிருந்தார்.